ஆறாம் பத்தி

மார்ச் 4, செவ்வாய்

இன்று என் துவைக்கும் முறை. மாலை நான்கு முதல் ஏழு வரை. இந்தக் கட்டடத்தில் துவைக்கும் இயந்திரம் கீழ்த்தளத்தில் இருக்கிறது, சுவரில் அட்டவணை இருக்கிறது, என் பெயருக்கு நேரே செவ்வாய். கூட்டம் முடிந்ததே ஏழரைக்கு. மூட்டையோடு இறங்கிப் போனால் இரண்டாம் மாடிக் கிழவர் கதவில் சீட்டு ஒட்டிவைத்திருக்கிறார்: முறையைப் பயன்படுத்தாதவர் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஜெனீவாவுக்கு வந்து ஆறு வருடம். பகலெல்லாம் உலகத்துக்கு விதி எழுதுகிறேன், மாலையில் ஒரு கிழவருடைய விதிக்குப் பயந்து ஓசைப்படாமல் படியேறுகிறேன்.

நானும் ஒரு விதி வைத்திருக்கிறேன். இந்த நோட்டில் நாட்டுப் பெயர் எழுதுவதில்லை. டிராமில் தவறவிட்டால் யார் கையில் சிக்குமோ. பட்டப்பெயர் போதும்.

மீன் ஒப்பந்தம் நான்காவது ஆண்டாக இழுக்கிறது. மீன்பிடிக் கப்பல்களுக்கு அரசுகள் மலிவு எண்ணெய் கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்பதுதான் சாரம். நல்ல காரியம். அந்த எண்ணெயில் ஓடிவருகிற பெரிய கப்பல்கள்தான் எங்கள் கடலை வழித்தெடுக்கின்றன. தகராறு முழுக்க ஆறாம் பத்தியில். சிறு படகுகளுக்கு விலக்கு உண்டு, ஆனால் கரையிலிருந்து பன்னிரண்டு கடல் மைலுக்குள் பிடித்தால்தான். பன்னிரண்டு மைலுக்குள் என்ன இருக்கிறது? தண்ணீர் இருக்கிறது. எங்கள் பதினொரு நாட்டுக் குழு வேறு வாசகம் கொடுத்திருக்கிறது: தூரத்தைப் பார்க்காதே, படகின் நீளத்தைப் பார். பதினைந்து மீட்டருக்குக் குறைந்தது எங்கே போனாலும் சிறு படகுதான்.

இரண்டு வாசகமும் இப்போது பக்கத்துப் பக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் கிடக்கின்றன. அடைப்புக்குறிக்குள் இருக்கும்வரை எதுவும் யாரையும் கட்டாது. என் வேலை, சரியான வாசகத்தின் குறியை எடுப்பது, தப்பான வாசகத்தின் குறியைக் காப்பது. இதற்குத்தான் சம்பளம்.

மார்ச் 6, வியாழன்

சாந்திகி அண்ணன் பேசினான். மூன்று நாளாகக் கிடைக்கவில்லை, கடலில் இருந்திருக்கிறான்.

"எவ்ளோ தூரம் போன?"

"கேக்காத. கரை மறைஞ்சு, கரைக்குப் பின்னாடி மலையும் மறைஞ்சு போச்சு. அம்புட்டு தூரம்."

"மீன்?"

"ரெண்டு கூடை. ஒரு கூடை பெட்ரோலுக்கு, அரைக் கூடை ஐஸுக்கு. மிச்ச அரைக் கூடைக்கு நான், என் பொண்டாட்டி, மூணு புள்ளைங்க, நாலு ஆளுங்க. நீயும் வேணா வந்து உக்காரு."

சிரித்தான். பிறகு கேட்டான்: "நீ என்ன பண்ற? இன்னும் அதே பத்திதானா?"

"அதே பத்திதான்."

"நாலு வருஷமா ஒரு பத்தியா? நம்ம வாத்தியாரா இருந்தா உன்ன பெஞ்சு மேல ஏத்தியிருப்பாரு."

வைப்பதற்கு முன் குரல் மாறியது. "தங்கச்சி, வெளயாட்டு இல்ல. மீனவர் அட்டைக்குக் குடுக்கிற அரை வெலை பெட்ரோல் நின்னுச்சுன்னா இஞ்சினக் கழட்டி வித்துருவேன். வேற வழி இல்ல."

எங்கள் ஊர்ப் படகுத்துறையில் மட்டும் முந்நூறு படகு. நாடு முழுக்க எட்டாயிரத்துக்கு மேல். ஒவ்வொன்றிலும் ஒரு சாந்திகி. எனக்கு இரவெல்லாம் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

அஜோவி அக்கா வீட்டில் சாப்பாடு. மரவள்ளிக்கீரையும் கருவாடும். அவள் பக்கத்து நாட்டுப் பிரதிநிதி, எங்கள் குழுவிலேயே மூத்தவள், பதினோரு ஆண்டாக இங்கே. அவள் சிரித்தால் மாடிப்படியில் விளக்கு எரியும். ஓசைக்கு எரிகிற விளக்கு அது.

அவள் தூதரகத்தில் இரண்டு பேர். எங்களுடையதில் தூதர் சாஃபா, நான், ஓட்டுநர். ஒரே நேரத்தில் நான்கு அறையில் கூட்டம் நடக்கும். தலைவர் ஒரு பத்தியைப் படிப்பார், இடம் வலம் பார்ப்பார், மறுப்பதற்கு யாரும் தங்கள் நாட்டுப் பெயர்ப்பலகையை நிமிர்த்தி வைக்காவிட்டால் மரச் சுத்தியலால் ஒரு தட்டு. முடிந்தது. மௌனம் சம்மதம் என்று ஊரில் சும்மா சொல்வார்கள், இங்கே அதுதான் சட்டம். அறையில் இல்லாதவனும் மௌனமாக இருந்தவன் கணக்குத்தான். அதனால் எனக்கும் அக்காவுக்கும் ஆறு ஆண்டாக ஓர் ஏற்பாடு: இருவரில் யார் அறையில் இருந்தாலும் குழுவின் பெயரில் மற்றவளுக்கும் சேர்த்துப் பலகையை நிமிர்த்த வேண்டும். குழுவில் மற்ற ஒன்பது பேரும் எங்களைப் பார்த்துத்தான் நிமிர்த்துவார்கள்.

"பெரிய நாட்டுக்காரனுக்கு அறைக்கு ஒரு ஆளு, அந்த ஆளுக்கு காபி வாங்க ஒரு ஆளு," என்றாள் அக்கா. "நமக்கு இருக்கிறது ரெண்டு காலு. அதுலயும் எனக்கு ஒண்ணுல மூட்டுவலி."

வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மார்ச் 13, வியாழன்

நரைமீசை காபிக்கு அழைத்தான். பெரிய மீன்பிடி நாடு ஒன்றின் ஆள். மரியாதையானவன், அதனாலேயே எனக்குப் பயம். ஏரிக்கரையில் பீஸ் என்கிற வாடைக்காற்று கழுத்தை அறுத்தது, அவனோ வெளியில் உட்காரலாம் என்றான்.

"மேடம், மைலா மீட்டரான்னு நாம அடிச்சுக்கிட்டது போதும். ஏழு வருஷம் அவகாசம் தர்றோம். ஏழு வருஷத்துக்கு உங்க படகு எங்க போகுதுன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

"எட்டாவது வருஷம்?"

"எட்டாவது வருஷம் நீங்களும் நானும் வேற எங்கயாவது இருப்போம்."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் எரிச்சல். நான் இருக்க மாட்டேன், அவன் இருக்க மாட்டான், சாந்திகி அங்கேயே இருப்பான்.

மார்ச் 14, வெள்ளி

வேண்டாம் என்று நரைமீசைக்கு எழுதி அனுப்பினேன். "உங்கள் உறுதியை மதிக்கிறேன்" என்று பதில் வந்தது. எதற்கோ தயாராகிவிட்டான்.

மார்ச் 19, புதன்

நாளை காலை பத்து மணிக்கு மீன் கூட்டம். அதே பத்து மணிக்கு, இரண்டு மாடி கீழே, இஞ்சியில் எவ்வளவு பூச்சிமருந்து எச்சம் இருக்கலாம் என்ற கூட்டம். எங்கள் இஞ்சி ஏற்றுமதி முழுக்க அதில் தொங்குகிறது. தூதருக்கு முதுகு பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியவில்லை. ஒரு பெண்ணை இரண்டாக வெட்டலாமா என்று ஓட்டுநரைக் கேட்டேன். "வெட்டினா ரெண்டுக்கும் படி குடுக்கணும், அமைச்சகம் ஒத்துக்காது" என்றார்.

பாதிரியார் ஆறாம் பத்திக்கு மதியத்துக்குப் பிறகுதான் வருவார் என்கிறார்கள். மீன் கூட்டத்தின் தலைவரைத்தான் சொல்கிறேன். பூசை வைக்கிற குரலில் பேசுவார், அதனால் பாதிரியார்.

அக்காவிடம் சொல்லிவிட்டேன். "ஒருவேளை முன்னாடியே வந்தா நிறுத்து. பலகைய நிமிர்த்து, இருமு, மயங்கி விழு, ஏதாவது செய்."

"போ போ. நான் இருக்கேன்ல."

மார்ச் 20, வியாழன்

பத்து நாற்பதுக்கு இஞ்சியில் என் முறை. அதற்குச் சற்று முன்புதான் மீன் அறையிலிருந்து கீழே இறங்கினேன். நான்கு நிமிடம் பேசினேன். படியேறி ஓடினேன். மின்தூக்கிக்குக் காத்திருக்கவில்லை. மொத்தமே பதினோரு நிமிடம் நான் அந்த அறையில் இல்லை.

திரையில் ஆறாம் பத்தி. பன்னிரண்டு கடல் மைல். அடைப்புக்குறி இல்லை. எங்கள் வாசகம் இருந்த இடத்தில் அடுத்த பத்தி ஏறி உட்கார்ந்திருந்தது.

அக்காவின் பலகை படுத்திருந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பக்கத்து இருக்கைக்காரனைக் கேட்டேன், என்ன ஆனது. "தலைவர் வரிசைய மாத்தினாரு. படிச்சாரு, பாத்தாரு, தட்டினாரு. யாரும் ஒண்ணும் சொல்லல."

யாரும் ஒண்ணும் சொல்லல. நாலு வருஷம்டி. நாலு வருஷம். ஒரு தட்டு.

மார்ச் 21, வெள்ளி

பூங்காவில் வைத்து அஜோவியைப் பிடித்தேன். மயில்கள் உலாவுகிற அந்த மேட்டில். நான் கத்தியதில் இரண்டு மயில் மரத்தில் ஏறிவிட்டன.

அவள் கத்தவில்லை. "காலைல எட்டு மணிக்கு எங்க தலைநகர்லேர்ந்து போன். ஆறாம் பத்தியில வாயத் தெறக்காதன்னாங்க. அதுக்குப் பதிலா பெரிய நாட்டுக்காரன் எங்க துறைமுகத்துக்கு கிரேன் தர்றானாம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அந்த இஞ்சியைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு உக்காந்திருப்பேனே!"

"தெரியும். அதான் சொல்லாதன்னும் சொன்னாங்க."

"நீ எனக்கு அக்கா."

"அக்காதான். ஆனா அந்தப் பலகையில எழுதியிருக்கிறது என் பேரு இல்லையே, யாபோம்."

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். தெரிந்தும் வலிக்கிறது. நான் திரும்பிப் பார்க்காமல் இறங்கி வந்துவிட்டேன். இனி அவள் அக்கா இல்லை. கிரேன்காரி.

மார்ச் 23, ஞாயிறு

எங்கும் உட்கார முடியவில்லை. ஏரியைச் சுற்றி நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடி நடந்தேன். காற்றுக்குப் பயந்து நீரூற்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சாந்திகி இரண்டு முறை அழைத்தான். எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது? இஞ்சிக்காகப் போயிருந்தேன் என்றா?

நான் போனது தப்பா? இஞ்சிக்கும் விவசாயி இருக்கிறானே. அவனுக்கும் ஒரு தங்கை இருந்து, அவளும் எங்கேயாவது ஓடிக்கொண்டுதான் இருப்பாள்.

மார்ச் 24, திங்கள்

தூதர் சாஃபா தலையணையில் சாய்ந்தபடியே கேட்டார். எல்லாம் சொன்னேன். மொத்த ஒப்பந்தமும் வியாழக்கிழமை பொதுக்கூட்டத்துக்கு வருகிறது. அங்கே ஒருவர் எதிர்த்தாலும் நிறைவேறாது. சட்டப்படி அந்த உரிமை எங்களுக்கும் உண்டு, பெரிய நாட்டுக்கும் அதே ஒன்றுதான்.

"சட்டப்படி உண்டு," என்றார். "ஆனா மூடின பத்தியத் தெறக்கிறது இருக்கே, அது சாப்பிட்டு எழுந்தவன மறுபடி பந்தியில உக்கார வைக்கிற மாதிரி. நூத்தி அறுபது பேரு நம்மள மொறைப்பான். ஊர்லேர்ந்து உத்தரவு வந்தா செய். வராம செய்யாத."

மூன்று கடிதம் அனுப்பினேன். பதிலில்லை. நான்கு மணிக்கு அமைச்சகத்துக்குப் போன் போட்டேன். "அமைச்சர் மாறிட்டாரும்மா. புதுசா வந்தவரு இன்னும் நாற்காலியிலயே உக்காரல" என்றார் எழுத்தர். நாற்காலிக்கு என்ன குறையோ.

மார்ச் 25, செவ்வாய்

துவைக்கப் போகவில்லை. பழைய கோப்புகளைத் தரையில் பரப்பி உட்கார்ந்தேன். மூன்று வருடத்துக்கு முந்தைய உத்தரவுக் கடிதம், அப்போதிருந்த அமைச்சர் கையெழுத்து: தூரத்தை வைத்துக் கணக்கிடும் எந்த விலக்கையும் ஏற்க வேண்டாம். அதற்குப் பிறகு இதை ரத்து செய்து ஒரு வரி வந்ததில்லை. ரத்தாகாத உத்தரவு உயிரோடிருக்கிற உத்தரவுதான். அமைச்சர் போனாலும் கடிதம் போகாது.

தூதரிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார்.

"எனக்கு முதுகுவலி இன்னும் போகல," என்றார். "வியாழக்கிழமை நீயே போய் உக்காரு."

மார்ச் 27, வியாழன்

சொல்லிவிட்டேன்.

முதலில் முப்பது பேர் எழுந்து பாராட்டினார்கள். கடலுக்கு நன்றி, தலைவருக்கு நன்றி, மொழிபெயர்ப்பாளர்களுக்கு நன்றி. பாதிரியார் இடம் பார்த்தார், வலம் பார்த்தார். சுத்தியல் உயர்ந்தது. நான் பலகையை நிமிர்த்தினேன். அது ஒரு முறை சரிந்து விழுந்தது. மறுபடி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

"தொழில்நுட்ப விளக்கமா?" பாதிரியார் குரலில் கெஞ்சல்.

"இல்ல, தலைவர் அவர்களே. எதிர்ப்பு."

ஒலிவாங்கியில் என் மூச்சு எனக்கே கேட்டது. ஆறாம் பத்தி இந்த வடிவில் எங்களுக்கு ஏற்புடையதல்ல என்றேன். நான் இல்லாதபோது மூடியது என்று சொல்லவில்லை. அது என் அவமானம், அவர்களுக்கு எதற்கு.

கூட்டத்தை ஒத்திவைத்தார்கள். மின்தூக்கியில் முன்பின் தெரியாத ஒருத்தி, கண் கலங்கி, "நாலு வருஷ வேலை மேடம்" என்றாள். எனக்கும் நாலு வருஷம்தான் என்றேன். எங்கள் குழுவிலிருந்து இரண்டு பேர் என்னைப் பார்த்ததும் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்கள். நரைமீசை மட்டும் தலையசைத்தான்.

நாளை காலை பத்து மணிக்குச் சின்ன அறையில் பேரம். பன்னிரண்டு பேர். என்னையும் அழைத்திருக்கிறார்கள். ஆறு வருடத்தில் முதல் முறை. எதிர்த்தால்தான் நாற்காலி போடுவார்கள் போலிருக்கிறது.

மார்ச் 28, வெள்ளி

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

சின்ன அறையில் சன்னல் இல்லை, சாண்ட்விச் இருந்தது. நரைமீசைதான் முதலில் இறங்கினான். சரி, மைலை விட்டுவிடுகிறோம், நீளத்தை எடுத்துக்கொள்கிறோம். நான் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஆனால் பதினைந்து மீட்டர் முடியாது, அந்த நீளத்தில் எங்கள் நாட்டில் கப்பலே இருக்கிறது. எட்டு.

அங்கிருந்து ஏலம். பதினைந்து, எட்டு, பதினான்கு, எட்டரை. நடுவில் யாரோ ஒருவர் பத்து என்றார். பத்து என்றால் எல்லாருக்கும் சரி என்றார்கள். எங்கள் நாட்டுப் படகுக் கணக்கெடுப்பு என் பையில் இருந்தது. சராசரி நீளம் ஒன்பது மீட்டர் இருபது என்று அட்டவணை சொன்னது. பத்து போதும். தாராளமாகப் போதும். இருபது நிமிட இடைவேளை கேட்டேன், சும்மா கெத்துக்காக.

தாழ்வாரத்தில் அஜோவி நின்றிருந்தாள். அவளை உள்ளே அழைக்கவில்லை.

"பத்துங்கிறாங்களாமே? போதுமா?"

"கணக்கெடுப்பு இருக்கு."

"அது எப்ப எடுத்தது? உங்க அண்ணன ஒரு வார்த்த கேட்டியா?"

"உன் கிரேன் வந்து சேந்துருச்சா?" என்றேன்.

அவள் முகம் சுருங்கிப்போனது. எனக்கு அது நன்றாக இருந்தது. இதையும் எழுதிவிடுகிறேன், நன்றாகத்தான் இருந்தது.

போனைக் கையில் எடுத்தேன். சாந்திகி கரையில் இருக்கிற நேரம்தான். ஆனால் இப்போது அழைத்தால் கிரேன்காரி சொன்ன புத்தியைக் கேட்டதாக ஆகிவிடாதா? தவிர, அச்சடித்த அட்டவணையே கையில் இருக்கும்போது அண்ணனிடம் என்ன கேட்பது? போனை உள்ளே வைத்துவிட்டுப் போய்ப் பத்து என்றேன்.

மாலை ஐந்து மணிக்குப் பொதுக்கூட்டம். பாதிரியார் படித்தார்: பத்து மீட்டருக்கு மிகாத படகுகளுக்கு, எத்தூரமாயினும். இடம், வலம். நான் பலகையைத் தொடவில்லை. தட்டினார். எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். நேற்று மின்தூக்கியில் அழுதவள் வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள்.

மார்ச் 29, சனி

காலையிலேயே சாந்திகியை அழைத்தேன்.

"முடிஞ்சுது. சின்னப் படகு எங்க வேணா போலாம். பெட்ரோல் நிக்காது."

"எங்க வேணா?"

"எங்க வேணா."

"ஏ!" என்று யாரையோ கூப்பிட்டான், "ஏ, எந்தங்கச்சி பத்திய முடிச்சுட்டா!" பின்னால் பாத்திரத்தைத் தட்டி ஒரே கூச்சல். நான் சமையலறையில் நின்றபடியே அழுதேன். சந்தோஷம்தான். வேறென்ன.

ஏப்ரல் 30, புதன்

மாற்றல் உத்தரவு. ஊருக்கு. மீன்வளத் துறைக்கு, படகுப் பதிவுப் பிரிவுத் தலைவர். புது ஒப்பந்தப்படி விலக்குப் பெறும் படகுகளை ஒவ்வொன்றாக அளந்து, பட்டியலை ஆண்டு முடிவுக்குள் ஜெனீவாவுக்கு அனுப்ப வேண்டும். பட்டியலில் இல்லாத படகுக்கு மலிவு பெட்ரோல் கிடையாது.

"இது பரிசா தண்டனையான்னு எனக்கும் தெரியல," என்றார் தூதர். "ரெண்டுக்கும் ஒரே சம்பளம்."

மே 22, வியாழன்

வழியனுப்ப அஜோவியும் வந்திருந்தாள். கைகுலுக்கினேன். அதற்கு மேல் எனக்கு வரவில்லை.

நவம்பர் 12, புதன்

மழைக்காலம் முடிந்து, இன்றுதான் எங்கள் ஊர்ப் படகுத்துறையில் அளக்கும் வேலை தொடங்கியது. முதலில் அண்ணன் படகை அளந்தால் ஊர் வாய் சும்மா இருக்காது என்று கடைசிக் கோடியிலிருந்து ஆரம்பித்தேன். நாடாவின் ஒரு நுனியை மதினி மபிந்தி பிடித்தாள், மறு நுனி நான்.

முதல் படகு பதினொன்று முப்பது. ஏதோ ஒரு பெரிய படகு என்று நினைத்து எழுதினேன். அடுத்தது பன்னிரண்டு. அடுத்தது பதினொன்று அறுபது. நாடாவில்தான் கோளாறு என்று எண்ணி, மதினியை நிற்கவைத்து அவளை அளந்து பார்த்தேன். நாடா சரியாகத்தான் இருந்தது.

மதியம்வரை நாற்பத்து மூன்று படகு. பத்து மீட்டருக்குள் அடங்கியவை ஒன்பது. அந்த ஒன்பதும் கிழடுகள், மணலில் கிடந்து மட்கிக்கொண்டிருப்பவை. அவை கடலுக்குப் போவதில்லை.

சாந்திகி தன் படகின் விளிம்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பதினொன்று எண்பது.

"எப்பலேர்ந்து இவ்ளோ நீளம்?" என்று கேட்டேன்.

"எல்லாரும் ஏழெட்டு வருஷமா இப்படித்தான் கட்டுறோம். அவ்ளோ தூரம் போறதுக்கு ஐஸ் பொட்டி வைக்கணும், பெட்ரோல் பீப்பா வைக்கணும், ராத்திரி நாலு பேரு படுக்கணும். பழைய அளவுல போனா அலை தூக்கிக் கவுத்துரும்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீ கேக்கவே இல்லையே."

என் பையில் இருந்த கணக்கெடுப்பை எடுத்துப் பார்த்தேன். முகப்பில் ஆண்டு இருக்கிறது. பதினான்கு வருடம் பழையது. இத்தனை நாள் அந்தப் பக்கத்தைத் தாண்டித்தானே அட்டவணைக்குப் போயிருக்கிறேன். ஏட்டுச் சுரைக்காய். அதை வைத்து உலகத்துக்கே சமைத்துப் போட்டுவிட்டேன்.

அண்ணனிடம் சொன்னேன். பத்து என்று சொன்னது யார் என்பதையும் சொன்னேன். அவன் எழுந்து படகின் முனையைத் தட்டிப் பார்த்தான்.

"அப்போ எந்தப் பக்கம் அறுக்கணும்? முன்னாடியா, பின்னாடியா?"

மதினி சிரித்தாள். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

யாரோ ஒருவர், எல்லாத்தையும் ஒன்பது தொண்ணூறுன்னு எழுதிக்கம்மா, எவன் வந்து பாக்கப்போறான், என்றார். எழுதலாம். ஒருவனும் வரமாட்டான். ஆனால் ஒருவன் வந்து ஒரு படகை அளந்தால் எட்டாயிரமும் போய்விடும். உண்மை அளவையே எழுதினேன்.

பத்தியை மாற்றலாம். மாற்ற எல்லாரும் ஒப்ப வேண்டும், நூற்று அறுபது பேரும். யாராவது ஒருவர் பலகையை நிமிர்த்தினால் போதும், அதோடு நின்றுவிடும். அது எவ்வளவு சுலபம் என்று அவர்களுக்குக் காட்டிக்கொடுத்ததே நான்தான். மாற்றச் சொல்லிக் கேட்கவும் அங்கே, அந்த அறையில், ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். என் இடத்துக்கு இன்னும் யாரையும் அனுப்பவில்லை. தூதர் ஓய்வு பெற்றுவிட்டார்.

எனக்கு அங்கே தெரிந்தது ஒரே ஒருத்திதான்.

சாயங்காலம் மணல் மேட்டில் ஏறி நின்று, சிக்னல் கிடைத்ததும் அழைத்தேன். ஏழு மாதமாகப் பேசாதவள். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். "அக்கா" என்று மட்டும் சொன்னேன்.

அவள் நலம் விசாரிக்கவில்லை. "எத்தன மீட்டர்?" என்று கேட்டாள்.